வெற்றிலைக்கு அடியில் பாஸ்போர்ட்

புதுப் பாஸ்போர்ட்டை அர்ச்சனைத் தட்டில் வெற்றிலைக்கு அடியில் வைத்துப் பிள்ளையாரிடம் கொடுத்து வாங்கியது காலையில். மாலையில் விமானம். மதியம் பிரசாதப் பையைக் கவிழ்த்தால் தேங்காய்ப் பாதியும் வாழைப்பழமும்தான் விழுந்தன. பூரணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"வடிவாப் பாத்தனீரே?" என்றான் கணவன் சேந்தன்.

"நான் வைச்சது செவ்வரத்தம்பூ. இதிலை மல்லிகை கிடக்கு. தட்டு மாறிப்போச்சு."

சீனக் கடலோரத்து ஃபூஜியன் மாகாணத்துக்கு பாரிஸ் லா சப்பல் தமிழர்கள் கூட்டமாகப் புறப்படுகிறார்கள்; பூரணியும் அவர்களில் ஒருத்தி. வூயி மலை, வட்டமான மண்கோட்டை வீடுகள் என்று பார்க்க நிறைய உண்டு. பூரணிக்கு சுவான்சோ துறைமுகத்தைக் கண்டால் போதும். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ் வணிகர் அங்கே கட்டிய சிவன் கோயிலின் கற்கள் இன்னும் இருக்கின்றனவாம்.

இருவரும் ரூ பஜோல் தெருவிலுள்ள பிள்ளையார் கோயிலுக்கு ஓடினார்கள். ஐயருக்கு முகம் மறந்தாலும் நட்சத்திரம் மறக்காது.

"உங்களுக்கு அடுத்த அர்ச்சனை ரேவதி, நிலவன். சின்னப் பிள்ளை. தாய் லெ பிளாங்-மெனில் பக்கம் இருக்கிறதெண்டவ. நம்பர் தெரியாதே அம்மா."

பயணத்தை ஒழுங்கு செய்த சிவமணி தொலைபேசியில் வந்தார். "நாங்கள் எயர்போட்டுக்கு வெளிக்கிட்டிட்டம். எங்கை நிக்கிறியள்?"

"கோயிலிலை, அண்ணை. பாஸ்போர்ட்டைக் காணேல்லை."

"அப்ப பிள்ளையார்தான் சீனா போகப்போறார் போல."

பூரணிக்குச் சிரிப்பு வரவில்லை.

"பிரெஞ்சுப் பாஸ்போர்ட். வித்தால் நல்ல காசு. கிடைச்சவை திருப்பித் தருவினமே?" என்று சேந்தன் முணுமுணுத்தான். அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

அப்போது ஒரு பெண் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். கையில் பாஸ்போர்ட், அட்டையில் குங்குமம்.

"பூரணி அக்கா நீங்களோ? ஆஸ்பத்திரியிலை பையைத் திறக்கத்தான் கண்டனான்."

"ஆருக்கு ஆஸ்பத்திரி?"

"மகனுக்கு. நாளைக்கு இருதயத்திலை ஒப்பரேசன். அவரைப் பிள்ளையோடை விட்டிட்டு ஓடி வந்தனான்."

சேந்தன் தலை குனிந்தான். பூரணி அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "சீனாவிலை இருந்து உமக்கு என்ன கொண்டு வர?"

"ஒண்டும் வேண்டாம் அக்கா. அங்கை சிவன் இருக்கிறாரெண்டு வாசலிலை ஐயர் சொன்னவர். என்ரை பிள்ளையின்ரை பேரை ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

கதவு மூடுவதற்குச் சற்றுமுன்தான் பூரணி விமானத்தில் ஏறினாள்.

மறுநாள், இறங்கிய கையோடு போன சுவான்சோ அருங்காட்சியகத்தில் மணியும் இல்லை, தீபமும் இல்லை. அந்தச் சிவன் கோயிலின் ஒரு கல்லில் யானையொன்று லிங்கத்தை வணங்கி நின்றது. மற்றவர்கள் படமெடுத்துவிட்டு நகர்ந்தார்கள். சுவான்சோவில் பிற்பகல் ஆகியிருந்தது. பாரிஸில் இன்னும் காலை; அந்தப் பிள்ளையை இனித்தான் ஒப்பரேசனுக்கு உள்ளே கொண்டுபோவார்கள். பூரணி தனக்கென்று வேண்ட நினைத்து வந்த எதையும் கேட்கவில்லை. காவலாளி பார்த்துக்கொண்டிருக்க, கைகூப்பி, கல்லுக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"ரேவதி நட்சத்திரம். நிலவன்."