ஏழடி ரக்ஷிதா

பல் கட்டுவதற்காகப் பத்து நாள் திருப்பதியில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். முப்பத்தொரு வருஷம் ஹைஸ்கூலில் பி.இ.டி. மாஸ்டராக விசில் ஊதியவன் நான். பல் இல்லாத வாயில் பேச்சுகூடச் சரியாக வரவில்லை. ஆனாலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம். அதனால்தான் இத்தனையும் நடந்தது.

மகள் ரக்ஷிதாவுக்கு இருபத்தேழு வயது. ரேணிகுண்டாவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கையைக் கழுவியதும் டிவியில் வீடியோ கேமைப் போட்டுவிடுவாள். பாஸ்கெட்பால் கேம். கூட வேலை செய்கிறவர்கள் நாலு பேரும் அவளும் அவரவர் வீட்டிலிருந்தே ஒரே டீமாக ஆடுவார்கள். ஒவ்வொருவரும் தன் ஆட்டக்காரரைத் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டும். உயரம், எடை, கை நீளம், ஓட்டம், ஷூட்டிங், பாஸ் என்று திரை முழுக்கப் பட்டியல் வரும். எல்லாவற்றையும் வாரிக் கொடுத்துவிட முடியாது. உயரத்தை ஏற்றினால் ஓட்டம் தானாக இறங்கும், பந்தைக் கையாளும் திறமையும் இறங்கும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தால் எதற்கும் உதவாத ஆள் வந்து நிற்பான். இந்த கேமைச் செய்தவன் நிஜமான மைதானத்தில் நின்றவன் என்று எனக்கு அந்த நிமிஷமே மரியாதை வந்துவிட்டது.

ரக்ஷிதா செய்து வைத்திருந்தவள் ஏழடி ஒரு அங்குலம். சட்டையின் முதுகில் ரக்ஷிதா என்றே பெயர் போட்டிருந்தது. ஆட்டம் தொடங்கியதும் அந்த நெட்டைக்காரி நடு ஹாலில் இறக்கி வைத்த பீரோ மாதிரி நின்றாள். எதிரணியில் ஒரு பொடிசு அவளை இரண்டு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. இருபத்திரண்டு பாயின்டில் தோற்றார்கள்.

டிவியிலிருந்து சுனில் குரல் வந்தது. அவன்தான் அந்த டீமின் கேப்டன்.

"தப்பா நெனைக்காதே ரக்ஷிதா. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள வேற ப்ளேயர் பண்ணிக்கினு வா. இல்லன்னா உன் எடத்துல தரணி ஆடட்டும்."

இது அவள் செய்த நாலாவது ஆள் என்று அப்புறம்தான் தெரிந்தது. நாலு பேருமே ஏழடிக்குக் குறையவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"உனக்கு எதுக்கும்மா அந்த ஒயரம்? எறக்கு. ஓட்டத்தையும் பாஸையும் மேல ஏத்து. ஷூட்டிங் போனா போவட்டும், வுட்டுடு. நீ ஸ்கூல்ல ஆடுனது அப்பிடித்தானே."

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "நீதானே நைனா சொன்ன. குள்ளமா இருக்கறவளுக்கு பாஸ்கெட்பால்ல எடம் இல்லன்னு."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கேஸ் சிலிண்டர் இன்னும் வரவில்லை என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"ஒவ்வொரு வாட்டியும் ஒயரத்தக் கொறைக்கலாம்னுதான் கை போவுது. அப்பறம் நீ சொன்னது ஞாபகம் வருது" என்றாள்.

அவள் பத்தாவது படித்த வருஷம். எங்கள் ஸ்கூல் பெண்கள் டீம் சித்தூருக்கு ஜில்லாப் போட்டிக்குப் போக வேண்டும். பயிற்சிக்கு வந்தவர்கள் பதினெட்டு பேர், போகக்கூடியவர்கள் பன்னிரண்டு பேர். அந்தப் பதினெட்டில் பாஸ் கொடுக்கத் தெரிந்தவள் என் மகள் ஒருத்திதான். இடது பக்கம் பார்ப்பாள், பந்து வலது பக்கம் போய்ச் சேரும். நான் சொல்லிக் கொடுத்து வந்ததல்ல அது.

ஸ்டாஃப் ரூமில் கணக்கு மாஸ்டர் ஆதிநாராயணன் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "மாஸ்டர் கூத்துரு கதா, டீம்ல லேக்குண்டா எட்லா?" மாஸ்டர் பெண்ணாயிற்றே, டீமில் இல்லாமல் எப்படி என்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. வேங்கடாசலம் சொந்தப் பெண்ணை நுழைத்துவிட்டான் என்று ஒருத்தன் வாயில்கூட வரக் கூடாது என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் காலை விளையாட்டுச் சாமான் அறையின் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். ஐந்தடி மூன்று அங்குலம். கோட்டைத் தலை தொடாதவர்கள் சித்தூருக்கு இல்லை என்றேன். ரக்ஷிதா ஐந்தடி இரண்டு. சாயங்காலம் வீட்டில் அவள் ஏன் என்று கேட்டபோதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அதற்கப்புறம் அவள் பந்தைத் தொடவில்லை. எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. நான் ரிடையரான அன்று அதே ஆதிநாராயணன் மேடையேறி, சொந்தப் பெண்ணையே ஒதுக்கிய நேர்மையான மனிதர் என்று சொல்லிச் சால்வை போர்த்தினார். கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

போன வருஷம் கம்பெனியில் லைன் லீடர் வேலை கொடுத்தபோதுகூட, முன்னால் நிற்கிற ஆள் நான் இல்லை என்று வேண்டாமென்றுவிட்டாள். என்ன பெண் இவள் என்று நான் அவளைத்தான் திட்டினேன்.

இனியும் சொல்லாவிட்டால் இவள் கடைசி வரைக்கும் ஏழடிப் பெண்களைச் செய்துகொண்டே இருப்பாள். சொன்னால், அப்பன் என்று என்மேல் வைத்திருக்கும் மரியாதை போய்விடும். வயதான காலத்தில் எனக்கென்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான். பயமாகத்தான் இருந்தது.

"அந்தக் கோடு உனக்காகப் போட்டதும்மா" என்றேன். "அதுக்கு முன்னாடி எந்த வருசமும் கோடு கெடையாது. நீ அஞ்சு ரெண்டு இருந்த, அதனால அஞ்சு மூணுல போட்டேன். நீ அஞ்சு நாலு இருந்திருந்தா அஞ்சு அஞ்சுல போட்டிருப்பேன். உன் ஆட்டத்துல ஒரு கொறையும் இல்ல. ஊரு வாய்க்கு பயந்துக்கினு செஞ்சேன்."

அவள் அழுவாள், இல்லை எழுந்து உள்ளே போவாள் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. அந்த நெட்டைக்காரியை அழித்துவிட்டுப் புதிதாக ஒருத்தியைச் செய்யத் தொடங்கினாள். உயரத்தை இறக்கிக்கொண்டே போனாள். ஐந்தடி ஏழுக்குக் கீழே கேம் அனுமதிக்கவில்லை, அங்கேயே நிறுத்தினாள். பாஸ் தொண்ணூற்றாறு. ஓட்டம் தொண்ணூறு. ஷூட்டிங்கையும் தாவுவதையும் அடிமட்டத்தில் விட்டுவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சுனிலையும் மற்றவர்களையும் கூப்பிட்டு ஒரு ஆட்டம் போட்டுப் பார்த்தார்கள். அந்தக் குட்டைப் பெண் ஒரு கூடைகூடப் போடவில்லை. இடது பக்கம் பார்த்து வலது பக்கம் கொடுத்துக்கொண்டே இருந்தாள், மற்ற நாலு பேரும் போட்டுத் தள்ளினார்கள். "இத்தினி நாளா இவள எங்க வெச்சிருந்த?" என்று சுனில் கேட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதின்மூன்று வருஷத்துப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது, கை தட்டினேன். மன்னித்துவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டேன்.

ரக்ஷிதா டிவியை அணைத்தாள்.

"அன்னிக்கி அந்தக் கோட்டுக்குக் கீழ நின்னவங்க எத்தினி பேரு நைனா?"

"ஆறு பேரு. உன்னோட சேத்து."

"அதுல தேன்மொழி இருந்தா. எல்லாரவிட வேகமா ஓடுவா. சித்தூர்ல ஆடி சர்டிபிகேட் வாங்குனா ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல சேத்துக்குவாங்க, அங்கியே பத்துக்கு மேல இன்டரும் படிச்சிடலாம்னு சொல்லிக்கினு இருந்தா. அடுத்த தையிலயே கல்யாணம் பண்ணிட்டாங்க." என் பக்கம் திரும்பினாள். "அவ மாஸ்டர் பொண்ணு இல்லியே நைனா. அவள ஏன் நிறுத்தின?"

பதின்மூன்று வருஷத்தில் என் மகளை நினைத்து எத்தனையோ நாள் வருந்தியிருக்கிறேன். மற்ற ஐந்து பேரை ஒரு நாளும் நினைத்ததில்லை. அவர்கள் முகத்தை வரவழைத்துப் பார்த்தேன், மூன்று முகம்தான் வந்தது.

ரக்ஷிதா செல்போனில் ஒரு நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்தாள். "புத்தூர்லதான் இருக்கா. நீயே சொல்லு."

நாலாவது தடவை மணி அடித்ததும் எடுத்தார்கள். "நான் பி.இ.டி. மாஸ்டர் வேங்கடாசலம் பேசறேம்மா" என்றேன்.

"சார்? நல்லா இருக்கீங்களா சார்?" தேன்மொழியின் குரலில் அத்தனை சந்தோஷம். "உங்களப் பத்தி எம்பொண்ணுகிட்ட சொல்லிக்கினே இருப்பேன் சார். சொந்தப் பொண்ணுன்னுகூட பாக்காத மனுசன், ஒருத்தருக்கு ஒரு ஞாயம் இன்னொருத்தருக்கு ஒரு ஞாயம்னு வெக்காதவருன்னு."

ரக்ஷிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதப் பத்தித்தாம்மா பேசணும்" என்றேன்.