டிட்டேயின் விரல்

பிறந்தநாள் கேக்கில்தான் விபெகேவுக்கு முதல் சந்தேகம் வந்தது.

மகள் டிட்டேவுக்குப் பத்தொன்பது வயது. பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. மூன்று வருடமாக உதவியாளர் லோனெ அவள் மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்க, டிட்டேயின் விரல் விசைப்பலகையில் எழுத்தெழுத்தாகத் தட்டுகிறது. திங்கட்கிழமை அது எழுதியது: 'நேற்று கேக் மனிதனின் கழுத்தை நான் அறுத்தபோது எல்லோரும் அலறினார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.'

லெம்வி ஊரில் பிறந்தநாள் என்றால் எந்த வீட்டிலும் அப்படித்தான். மனித உருவக் கேக்கின் கழுத்தில் கத்தி இறங்கும்போது கூடியிருப்பவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். ஆனால் டிட்டேவுக்குச் சத்தம் ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு நடுங்குவாள். அதனால் இந்த வருடம் விபெகேவும் கணவன் பாலெயும் மட்டும்தான். யாரும் வாய் திறக்கவில்லை. கேக்கை அறுத்ததும் விபெகேதான்.

லோனெ அன்று விடுப்பில் இருந்தாள்.

விபெகே பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. "உனக்கு எப்படித் தெரியும்?" என்று பிள்ளைகளைக் குடைந்தெடுப்பவள். அந்தக் கேள்வியை இந்த மேசையில் மட்டும் அவள் கேட்டதில்லை. கேட்க மனம் வரவில்லை. பிரசவ வலி கண்ட அன்று வெளியே பனி கொட்டியது. "விடியட்டும், ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றவன் பாலெ. வயிற்றிலேயே டிட்டேவுக்கு மூச்சு முட்டிப்போனது; அவள் பேச்சு போனது அதில்தான். அன்றிலிருந்து அவன் குடித்தான். எழுத ஆரம்பித்த வருடமே டிட்டே, 'அப்பா, அது உங்கள் தப்பு இல்லை' என்று எழுதினாள். பாலெ புட்டிகளைத் தன் கையாலேயே கழுவுதொட்டியில் கவிழ்த்தான்.

அந்தப் பனி நாளைப் பற்றி, ஒருநாள் காபி குடித்துக்கொண்டே, லோனெயிடம் சொன்னது விபெகேதான்.

வியாழக்கிழமை அவள் சொன்னாள்: "லோனெ, ஒரு சின்ன விளையாட்டு. கொஞ்சம் வெளிய நில்லுங்க."

"சோதனையா? அவளுக்குப் பிடிக்காதே."

"எனக்கும்தான் பிடிக்கல."

ஒரு செருப்பை டிட்டேயிடம் காட்டி, மறைத்துவிட்டு, லோனெயைக் கூப்பிட்டாள். விரல் 'பந்து' என்றது. கரண்டிக்கு 'பூ'. லோனெயை உள்ளேயே நிற்கவைத்துக் கடிகாரத்தைக் காட்டினாள். 'கடிகாரம்.' மறுபடியும் செய்தாள், வேறு வேறு பொருளாக. லோனெ பார்த்ததெல்லாம் வந்தது. பார்க்காதது ஒன்றும் வரவில்லை.

லோனெயின் முகம் வெளுத்துவிட்டது. "நான் தள்ளல. சத்தியமா நான் தள்ளல. அவ விரல் போறது என் கைக்குத் தெரியுது, விபெகே."

"நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லல." இதைவிடப் பொய்யாகவே இருந்திருக்கலாம் என்று பட்டது விபெகேவுக்கு.

"நீங்க சந்தேகப்படுறது அவளுக்கு உறைக்குது. அதான் குழம்பிட்டா."

"கடிகாரத்துக்கு மட்டும் ஏன் குழம்பல?"

லோனெ கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் பாலெ துறைமுகத்திலிருந்து மீன் வாடையோடு வந்தான். "எம் பொண்ணு இன்னிக்கு என்ன சொன்னா?"

விபெகே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

"டீச்சரம்மாவுக்குப் பள்ளிக்கூடத்துப் பரீட்சை போதலையா?"

"பாலெ, அந்த வார்த்தை அவளோடது இல்ல."

"எந்த வார்த்தை?"

எதுவென்று அவனுக்கே தெரிந்திருந்தது.

கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு டிட்டேயின் அருகில் உட்கார்ந்தான். அடிபட்ட குருவியைத் தூக்குவதுபோல அவள் மணிக்கட்டைத் தூக்கினான். "நீயே சொல்லு கண்ணு. அப்பா மேல கோவமா?"

விரல் விசைகளுக்கு மேல் தயங்கியது. பிறகு நகர்ந்தது. திரையில் எழுத்துகள் வந்தன: 'இல்லை.'

"பாத்தியா!" பாலெயின் கண் நிறைந்துவிட்டது. "எங்கிட்டயே எழுதுறா! இப்ப லோனெ எங்க இருக்கா? சொல்லு, எங்க இருக்கா?"

விபெகே திரையைப் பார்க்கவில்லை. டிட்டே ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். ஒரு கையால் காதைப் பொத்தியிருந்தாள். மற்றக் கை பிடியிலிருந்து மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது.

பாலெ இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தான்.

"சொல்லு கண்ணு. இன்னும் சொல்லு."