கேட்டு வாங்கிய பாட்டு

1
இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது, மறைப்பானேன்? ஒரு நாட்டுப்புற ராக் குழுவின் பாடகர், குழுவைக் கலைக்குமுன் பதிவுசெய்யப்போகும் கடைசி ஆல்பத்தைப் பற்றிய பேட்டியில், "நாங்க வேரைத் தொட்டுட்டோம்" என்றார். கையில் மண் ஒட்டியிருக்கவில்லை. அவரை ஒரு கை பார்க்கத்தான் எழுத உட்கார்ந்தேன். (மரியாதையை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

2
முதல் தொடக்கம்: "ஒலிப்பதிவுக் கூடத்தின் ஜன்னலில் மழை..."

அடித்துவிட்டேன். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. ஈரக் கம்பளமும் ஆறிய காபியும் நாறிக்கொண்டிருந்தன.

சரி, நேராகவே சொல்கிறேன். குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவள் பாடகனின் தங்கை. ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அவள் துணி மடிக்கும்போது கட்டியது. தான் எழுதியதென்றால் அண்ணன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான் என்று, எங்கோ கேட்ட பழைய பாட்டு என்று சொல்லிவைத்தாள். உடனே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மேடைதோறும் அவளைப் பாடவிட்டுக் கைதட்டலை அவன் வாங்கிக்கொண்டான். இப்போது அட்டையில் "மரபுப் பாடல்" என்று போடப் போகிறார்கள். இதில் அவள் பேர் வராவிட்டால் இனி எதிலும் வராது.

3
பதிவுக்கு முன் அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். அண்ணன் சிரித்தான்.

"அதெப்படி? அந்தக் கிழவிகிட்ட நான்தானே போய்க் கேட்டு வாங்கினேன்."

"எந்தக் கிழவிண்ணே?"

"காது கேக்காத கிழவி. பேட்டியிலகூடச் சொன்னேனே."

(நடிக்கிறான் என்று எழுதி அடித்தேன். நடித்திருந்தால் மன்னித்திருப்பேன். பாவி, நம்புகிறான். கேப்பையில் நெய் வடிகிறது என்று சொன்னவனே சட்டியோடு வந்து நிற்கிறான்.)

அப்படியானால் இரண்டாம் அடியில் தனக்குப் பிடிக்காத ஒரு சொல்லை மாற்றியாவது பாடுகிறேன் என்றாள்.

"அதெல்லாம் கூடாது. மரபுல கை வைக்க உனக்கென்ன உரிமை?"

4
அண்ணன் திருந்துவதாக ஒரு முடிவு எழுதினேன். எனக்கே கூச்சமாகிவிட்டது. தங்கை கிட்டாரை அவன் தலையில்... வேண்டாம், கிட்டார் அவளுடையது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கிவிட்டார். அவள் மைக் முன்னால் நிற்கிறாள். பாடினால் பாட்டு கிழவியுடையது. பாடாவிட்டால் பாட்டே இல்லை.

நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். என்னிடம் விட்டால் அவளைப் பாடவைத்துவிடுவேன். எனக்கு அந்தப் பாட்டைக் கேட்க ஆசையாக இருக்கிறது. அவள் அண்ணனுக்கும் அந்த ஆசைதான்.