இருபத்துமூன்றாம் நம்பர் மாப்பிள்ளை

கிள்ளான் ஆற்றில் ஓடும் சம்பான்களுக்கெல்லாம் முகப்பில் வெள்ளைச் சாயத்தால் நம்பர் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்த வருஷத்திலிருந்துதான் படகுக்காரர்களின் வாய் கெட்டது. அதற்கு முன்பெல்லாம் இரண்டு சம்பான்கள் எதிரெதிரே வந்தால் துடுப்பைத் தூக்கிக் காட்டிப் பேரைச் சொல்வார்கள். "பக்கிரிசாமி வரேன்" என்று ஒருவர் குரல் கொடுத்தால், "வாங்கண்ணே, மகனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று மற்றவர் விசாரிப்பார். நீரோட்டத்தோடு வருகிறவருக்கு எதிரே வருகிறவர் கரையோரம் ஒதுங்கி வழிவிடுவார். நம்பர் வந்த பிறகு பேர் எதற்கு? "பதினொண்ணு, நகரு" என்றால் போதும். நகராவிட்டால் மேற்கொண்டு கொஞ்சம் சொல்ல வேண்டியிருந்தது. நம்பரைத் திட்டுவதில் ஒரு சௌகரியம்: நம்பருக்கு அம்மா அப்பா கிடையாது.

சின்னையாவின் சம்பான் இருபத்துமூன்றாம் நம்பர். தெலுக் பங்லிமா காராங் பக்கமிருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு கிள்ளான் பாசாருக்கு வருவான். எதையும் இரண்டு தரம் யோசித்துச் செய்கிறவன். செய்து முடித்த பிறகு மூன்றாம் தரமும் யோசிப்பான். படகில் ஏறினால் மட்டும் யோசனை கரையிலேயே இறங்கிக்கொள்ளும்.

ஆற்றில் அவனுக்கு ஒரு பகையாளி உண்டு. பதினாலாம் நம்பர், மேரு தோட்டத்தை விட்டுப் புதிதாக வந்த ஆள், விறகு ஏற்றுகிறவர். முகத்தைச் சின்னையா பார்த்ததே இல்லை. பெரிய ஓலைத் தொப்பிக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வரும். சின்னையா தலையிலும் வெயிலுக்கு அதே மாதிரித் தொப்பிதான்.

"பதினாலு, அது சம்பானா மாட்டுத் தொட்டியா? மாட்ட எறக்கிவிட்டுட்டு ஓட்டு."

"இருவத்திமூணு, அந்தத் துடுப்ப வித்துட்டு அகப்பை வாங்கு. சோறாவது கிண்டலாம்."

இந்த நிலையில்தான் சின்னையாவுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பெண் புஷ்பவல்லி, பிரிக்பீல்ட்ஸில் சித்தப்பா வீட்டில் இருந்தாள். போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து சின்னையாவுக்குத் தேங்காய்க் கணக்கு தப்பிக்கொண்டே இருந்தது. அவளும் சரியென்று சொல்லிவிட்டாள். இனி அவள் அப்பா நாகையா வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துத் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

பாசாரில் வடை சுட்டு விற்கும் மாரியாயிதான் தரகு. சனிக்கிழமை மத்தியானம் அவள் சொன்னாள்: "நாளைக்குக் காலையில வராரு. உன் சம்பானையும் பார்க்கணுமாம். ரோட்டுல வரமாட்டாரு லா, சொந்த சம்பான்லயே வந்துருவாரு."

"சொந்த சம்பானாக்கா?"

"ஆமா. பதினாலாம் நம்பர்."

சின்னையா கையிலிருந்த வடை சாம்பாரில் விழுந்தது.

அன்று சாயங்காலம் ஆற்றங்கரை வீட்டுக்குக் கீழே கட்டியிருந்த சம்பானின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். சம்பானை ஒளித்து வைக்க முடியாது. அவரே பார்க்க வேண்டும் என்கிறார். நம்பரை அழித்தால் ஆபீஸில் கேட்பார்கள். கடைசியில் கொஞ்சம் சுண்ணாம்பைக் குழைத்து, 3 என்ற எண்ணின் இடது பக்கத்தை இரண்டு இடத்தில் மூடினான். இருபத்துமூன்று இருபத்தெட்டாகிவிட்டது. இருபத்தெட்டு யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. நம்பருக்குள்ளே ஓர் ஆள் இருப்பான் என்று ஆற்றில் யார்தான் நினைத்தார்கள்?

மறுநாள் பதினாலாம் நம்பர் வந்து நின்றது. தொப்பியைக் கழற்றியதும் உள்ளே சாந்தமான, நரைத்த மீசைக்காரர் ஒருவர் இருந்தார். சின்னையா கையைக் கூப்பியபடி நின்றான். குரல் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று வாயைத் திறக்கவில்லை.

"அடக்கமான புள்ளையா இருக்கு" என்றார் நாகையா, மாரியாயியிடம். பிறகு சம்பானைப் பார்த்தார். மீசை துடித்தது.

"இருவத்தெட்டா? நீயா? என் சம்பான இடிச்சு, சாமிக்கு நேந்த ஆட்ட ஆத்துல தள்ளிவிட்டுட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காம போனவன் நீதானா? அது இன்னும் ஆத்தோரத்துப் பாக்காவ் சதுப்புக் காட்டுக்குள்ள திரியுது. மாரியாயி, எந்திரி. பேச்சு முடிஞ்சுது."

"மாமா, அது நான் இல்ல. நான் இருவத்திமூணு" என்று சொல்லிவிட்டான் சின்னையா. சொன்ன பிறகுதான் எதை ஒப்புக்கொண்டோம் என்று புரிந்தது. ஓடிப்போய் வேட்டித் தலைப்பை நனைத்துச் சுண்ணாம்பைத் துடைத்துக் காட்டினான்.

நாகையா அசையவில்லை. "எட்ட மூணாக்குறது பெரிய வேலையா? நீ இருவத்திமூணுன்னு நான் எப்படி நம்புறது? அவன் வாய் எனக்குத் தெரியும். சொல்லு, கடைசியா என்னைய என்னன்னு கேட்டான்?"

சின்னையா தரையைப் பார்த்தான். புஷ்பவல்லியை நினைத்தான். "வேண்டாங்க மாமா" என்றான்.

"இருவத்தெட்டுதான் இவன்."

"அது சம்பானா மாட்டுத் தொட்டியா," என்றான் சின்னையா, கோயிலில் பேசுகிறவன் மாதிரி மெதுவாக, "மாட்ட எறக்கிவிட்டுட்டு ஓட்டுங்க."

"ஓட்டுங்கன்னா சொன்ன?"

"ஓட்டு."

"அதுக்கு நான் என்ன சொன்னேன்?"

"துடுப்ப வித்துட்டு அகப்பை வாங்கச் சொன்னீங்க. சோறு கிண்ட."

"மாடு பல்லு வெளக்கினது?"

"அது போன மாசம், மாமா. உங்க விறகப் பார்த்து மாடு பல்லு வெளக்குற குச்சியான்னு கேட்டேன்."

நாகையா மாரியாயியைப் பார்த்தார். "இவனேதான்" என்றார். அவர் குரலில் தொலைந்த உறவினரைக் கண்டுபிடித்த நிம்மதி இருந்தது. "ஆட்டத் தள்ளினவனுக்குப் பொண்ணு குடுக்க முடியாது. இவனுக்கு வாய்தான். ஆனா ஒண்ணு, தம்பி. நாளையிலேர்ந்து என் நம்பர் உன் வாயில வரக்கூடாது. துடுப்பத் தூக்கி, மொறையா கூப்பிடணும்."

மாரியாயி வடையை எடுத்து நீட்டினாள்.

மறுநாள் காலை நீரோட்டத்தோடு வந்த பதினாலாம் நம்பருக்குச் சின்னையா கரையோரம் ஒதுங்கி, துடுப்பைத் தலைக்குமேல் தூக்கினான். "மாமா, சின்னையா வரேன். சாப்ட்டீங்களா?"

நாகையாவும் துடுப்பைத் தூக்கினார். "ஆச்சு மாப்பிள்ளை. வீட்டுல மழைக்கு ஒழுகுதுன்னியே, அத்தாப்புக் கூரை மாத்தியாச்சா?"

"இன்னும் இல்ல மாமா. ஓலை வரணும்."

ஓலையைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டிருக்க, இரண்டு சம்பான்களும் மெல்லத் திரும்பி ஆற்றின் குறுக்கே நின்றன. பின்னால் ஒரு சம்பான் வந்து முட்டாத குறையாக நின்றது.

"இருவத்திமூணு, பதினாலு, ஆறு உங்க அப்பன் ஊட்டுச் சொத்தா? நகருங்க."

மாமனும் மருமகனும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். முகப்பில் 28 என்றிருந்தது.

"தொடங்குங்க மாமா" என்றான் சின்னையா. "பெரியவங்க நீங்க."