கால் சுற்றுக்கு ஒரு முழம்

மெக்கானிக் அக்கா அந்தப் பழைய காரில், பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் மிக்சர் திருகைக் கால் சுற்று உள்ளே திருப்பியபோது, பட்டறைக்குப் பின்னறையில் ஒன்பது வருடமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்த அவளுடைய அண்ணன் கட்டிலை விட்டு ஒரு முழம் மேலே எழும்பினார். அப்போது காலை பதினொன்றேகால் மணி.

மின்கம்பத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர் அவர். ஆள் தொண்ணூறு கிலோ. தினமும் புரட்டித் துடைத்துத் துணி மாற்றியே அவளுக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. இன்னும் ஒரு வருடம் இப்படித் தூக்கினால் பக்கத்துக் கட்டில் உங்களுக்குத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காப்பகத்துக்கான விண்ணப்பம் நிரப்பப்பட்டு மேசை இழுப்பறையில் கிடந்தது. அண்ணனுக்கும் அது தெரியும்.

கார் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியருடையது. கரும்புகை கக்கியது, பிளக்கெல்லாம் கரி. பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. அவள் திருகைத் தொட்டதும் இருமல் நின்று என்ஜின் சீராக ஓடத் தொடங்கியது. உடனே பின்னறையிலிருந்து குரல் வந்தது.

"ஏய், இங்க கொஞ்சம் வா. பயப்படாம வா."

போய்ப் பார்த்தாள். போர்வை தொங்க, அண்ணன் அந்தரத்தில் கிடந்தார். ஒரு விரலால் தள்ளியதும் எண்ணெய் போட்ட கதவுபோல நகர்ந்தார்.

"வலிக்குதாண்ணே?"

"இல்ல. முதுகுல காத்து படுது."

என்ஜினை அணைத்தாள், அவர் மெல்ல இறங்கினார். மறுபடி ஓடவிட்டுத் திருகை வெளிப்பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள், அவர் கனம் கூடிக் கட்டில் முனகியது. தலையணை எழும்பவில்லை, பூனையும் எழும்பவில்லை. பக்கத்துக் கடைத் தையல்காரர் தானும் படுத்துப் பார்த்தார், தூங்கித்தான் போனார். எத்தனை சுற்றுக்கு எத்தனை முழம் என்று சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டே, சாக்குச் சொல்லிச் சொல்லி மூன்று வாரம் காரைக் கொடுக்காமல் வைத்திருந்தாள்.

ஒருநாள் முக்கால் சுற்று வரை போனாள். அண்ணன் உத்தரத்தில் முட்டி, உயரச் சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார்.

"இறக்கிடாத! பேக்கரிக்காரன் மாடி கட்டியிருக்கான். என்கிட்ட யாருமே சொல்லல."

ஆனால் பெட்ரோல் போதாமல் என்ஜின் கொதித்தது, கார்புரேட்டர் படபடவென்று வெடிச்சத்தம் போட்டது. இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் வால்வு கருகிவிடும், ஊரான் வண்டி. அவள் திருகைப் பழைய இடத்துக்கே திருப்பினாள். அன்று முழுவதும் அண்ணன் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார்.

மறுநாள் ஆசிரியர் வந்து நின்றார். அவளுக்குப் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கால் சுற்றில் என்ஜினை ஓடவிட்டு, அவரைப் பின்னறைக்கு அழைத்துப்போனாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கால் சுற்றுல வண்டிக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது சார். இதான் சரியான அளவே."

"எத்தனை மணிக்குக் குளிப்பாட்டுவீங்க?"

"ஏழு மணிக்கு."

அன்றிலிருந்து தினமும் ஏழு மணிக்குக் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டுப் பேப்பர் படிப்பார். விண்ணப்பத்தை அண்ணனே கேட்டு வாங்கி நான்காகக் கிழித்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு மூவரும் ஊரைச் சுற்றக் கிளம்பினார்கள். சந்திப்பில் போக்குவரத்துக் காவலர் வண்டியை மறித்தார். குனிந்து உள்ளே பார்த்தார். பின்சீட்டில் அவள் இருக்க, பக்கத்தில் சீட்டுக்கு மேலே, கூரையில் தலை உரச, அண்ணன் வணக்கம் வைத்தார்.

"பின்னாடி இருக்கிறவங்களும் பெல்ட் போடணும்," என்றார் காவலர்.

போட்டுக்கொண்டார்கள்.