பெரியாயி மகளின் ஒன்பது நிறம்

1966ஆம் ஆண்டு தை மாதம், இலங்கையில் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பெரியாயிக்கும் வீரய்யாவுக்கும் பிறந்த பெண் குழந்தை, எந்தத் துணியில் கிடத்தினாலும் அந்தத் துணியின் நிறமாக மாறியது. காவிச் சேலையில் காவி, வீரய்யா கட்டும் நீலச் சாரத்தில் நீலம். குளிப்பாட்டினால் அரை மணி நேரத்தில் சொந்த நிறம் திரும்பிவிடும். தோட்டத்து டிஸ்பென்சர் கண் இமையை இழுத்துப் பார்த்தார். இரத்தம் நன்றாக இருக்கிறது, பால் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார். ஜெயலெட்சுமி என்று பெயர் வைத்தார்கள். லேசில் அழாத பிள்ளை; அதுதான் பின்னால் வினையாயிற்று.

அந்த லயத்தில் காது குத்தும்வரை பிள்ளை மேல் புதுத்துணி படக்கூடாது. தாயின் பழைய சேலைதான் ஏணை, படுக்கை, போர்வை எல்லாம். பெரியாயியிடம் இருந்ததிலேயே மெத்தென்றிருந்தது ஒரு பச்சைச் சேலை. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா ஆயா வராத ஒரு நாள், அதைத் தேயிலைச் செடியடியில் மடித்து விரித்துப் பிள்ளையைக் கிடத்திவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனாள். திரும்பி வந்தால் சேலையும் தெரியவில்லை, பிள்ளையும் தெரியவில்லை. மலை முழுக்க ஒரே பச்சை. நாற்பது பேர் கூடையை இறக்கிவைத்துவிட்டு நிரை நிரையாகத் தேடினார்கள். நான்கு மணி நேரம் கழித்து ஒருத்தியின் கையில் மெத்தென்று ஏதோ பட்டது. பிள்ளை சிரித்துக்கொண்டு கிடந்தது. பெரியாயிக்கு அதற்குள் முன்தலை நரைத்திருந்தது. அன்றிலிருந்து பிள்ளையைக் கீழே வைக்க அவளால் முடியவில்லை. முதுகில் கூடை, இடுப்பில் பிள்ளை, கொழுந்தெடுக்க மிச்சம் ஒரே கை. ஒரு கையால் எடுத்தால் கூடை நிரம்புமா? கணக்கப்பிள்ளை அவளுக்கு அரை நாள் பேர்தான் போட்டார், அரைச் சம்பளம்.

பதுளை பஸாரில் மர்ஸூக்கின் துணிக்கடைக்குப் பின்னால் அவருடைய வீடு. அங்கே மனைவி நளீரா தையல் வேலை செய்துவந்தாள். சாயம் போகும் துணியைத் துவைக்காமலே பார்த்துச் சொல்லிவிடும் கண் அவளுக்கு. பெரியாயி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே பஸ் ஏறி வந்து, சின்னதாக ஒரு ஒட்டுப்போர்வை வேண்டும் என்றாள்.

"எந்த நெறம்னாலும் சரிங்கக்கா. மலையில எங்க போட்டாலும் எம்புள்ள கண்ணுக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

"இங்க இரிந்து சொல்ல ஏலாது புள்ள. நான் மலையப் பாக்கோணும்" என்றாள் நளீரா.

மறுநாள் நளீராவும் புருஷனும் துணிக்கட்டோடு தோட்டத்தில் வந்து இறங்கினார்கள். நளீரா ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டாள். வீரய்யா எதிர்ச்சரிவில் ஒவ்வொரு துணியாக விரித்துப் பிடித்துக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தார். குங்குமச் சிவப்பு முள்முருக்கம் பூவில் தொலைந்தது. மஞ்சளைக் காட்டுச் சூரியகாந்தி விழுங்கிக்கொண்டது. நீலம் வானத்தோடு சேர்ந்தது, வெள்ளையைப் பனி கொண்டுபோனது, காவி மண்ணாகிவிட்டது. பூப்போட்ட சீத்தைத் துணி ஐம்பதடியிலேயே புதர்தான். பூப்போட்டதெல்லாம் தூரத்தில் ஒரே குழப்பம் என்று நளீரா அதை ஒதுக்கிவிட்டாள். மர்ஸூக் பொறுமையிழந்து, "கடையில இதுக்கு மேல நெறமில்ல, வா போவோம்" என்றார். கை கடுத்துப்போன வீரய்யா அந்த நேரம் சிவப்பை ஒரு தோளிலும் நீலத்தை மறு தோளிலும் போட்டுக்கொண்டு முருக்க மரத்தடியில் நின்றார். சிவப்புத் தோள் மறைந்துவிட்டது. நீலத் தோள் பளிச்சென்று நின்றது.

"அப்படியே நில்லுங்க, அசையாதிங்க!" என்று நளீரா பாறை மேல் எழுந்து நின்று கத்தினாள்.

ஒன்று தொலையும் இடத்தில் இன்னொன்று நிற்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி, ஆனால் அதற்கு எத்தனை நிறம், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது என்று பொழுது சாயும்வரை வைத்துவைத்துப் பார்த்தாள். கடைசியில் ஒன்பது பொப்லின் துணிகளை எடுத்தாள். ஒன்றிலும் பூ இல்லை, கோடு இல்லை. இப்படி மனசு வைத்துத் துணி தெரிவு செய்த இன்னொருத்தியை இந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மேலே எழுத முடிகிறது.

பெரியாயி தயங்கினாள். "புதுத்துணி புள்ளைக்கு ஆகாதுங்களே அக்கா."

"பழசாக்கித் தாறேன்" என்றாள் நளீரா. ஒன்றரைச் சாண் சதுரமாக வெட்டிய துண்டுகளை நாளுக்கு ஒன்றாக முக்காட்டுக்குள் தோளில் போட்டுக்கொண்டு சமைத்தாள், தொழுதாள், தூங்கினாள். ஒன்பது நாளில் ஒன்பதும் உடுத்த துணியாகிவிட்டன. பத்தாம் நாள் தைத்துக் கொடுத்தாள்.

போர்வையில் கிடத்தியதும் பிள்ளைக்கு நெற்றி எலுமிச்சை மஞ்சளானது, ஒரு கன்னம் குங்குமம், மறு கன்னம் கத்திரிப்பூ நிறம், வயிறு கருநீலம். பெரியாயி பிள்ளையை மலையோரம் கிடத்திவிட்டுப் பத்து நிரை தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தாள். தெரிந்தது. இருபது நிரை போனாள். அப்போதும் தெரிந்தது. அன்று இரண்டு கையாலும் கொழுந்தெடுத்தாள், எடுத்துக்கொண்டே அழுதாள்.

பிள்ளை வளர்ந்தது, போர்வை வளரவில்லை. ஓரம் கிழிந்து, ஆறு வயதில் அது உடம்பை மூடவே போதாமலாகிவிட்டது. அது இற்றுப்போனால் மகள் மறுபடி தொலைந்துபோவாள் என்று பெரியாயிக்குத் தீராத பயம். துவைத்துப் போட்டால் காயும்வரை மகளை வாசலைத் தாண்ட விடமாட்டாள்.

1972 ஐப்பசியில் அப்படித் துவைத்துப் போட்ட ஒரு நாள் பின்னேரம், நீட்டிய கை தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கியது. மேல்மலையில் பெரியாயி உட்பட நாற்பது பேர் அகப்பட்டுக்கொண்டார்கள். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் தண்ணீர் ஓடும் கான். யாரும் அடியெடுத்து வைக்கவில்லை. அப்போது கீழேயிருந்து மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக ஒன்று ஏறி வந்தது. கிட்ட வந்ததும் ஜெயலெட்சுமி என்று தெரிந்தது. அழுக்கு வெள்ளைக் கவுன்தான் போட்டிருந்தாள். கவுன் பனியோடு பனியாகிவிட்டது. முகமும் கையும் காலும் ஒன்பது நிறத்தில் நின்றன.

"போர்வ எங்கடி?" என்றாள் பெரியாயி.

"கொடியில காயுதும்மா."

பெரியாயி மகளை உச்சி முதல் கால்வரை பார்த்தாள். பிறகு கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு, "சரி, முன்னால நட" என்றாள். நாற்பது பேரும் அவள் பின்னால் இறங்கினார்கள்.