கோகிலனுக்குச் சொல்லியாச்சா?

அப்பாவைக் குளிப்பாட்டி வேட்டி கட்டிப் பெட்டியில் வைத்த கையோடு, ரூபினி கொம்தார் கட்டடத்தின் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்கு வந்து நின்றாள். தலைகூடச் சீவவில்லை. சாவு வீட்டிலிருந்து மகள் கிளம்பி வருகிற இடமா இது என்று வழியெல்லாம் அவளுக்கே தோன்றியது. வேறு வழியில்லாமல் வந்தாள்.

கடைக்காரர் ஷேக் அலாவுதீன் அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து போட்டிருந்தார்.

“டிஸ்க்கே ரோசாக்மா, கெட்டுப்போச்சு. என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன். சுத்தமா உசுரு இல்ல” என்றவர், விஷயம் உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். “மன்னிச்சுக்கம்மா. வாய் தவறிருச்சு.”

“பரவாயில்லண்ணே. எனக்கு அப்பாவோட மெயில் மட்டும் வேணும். தம்பிக்குச் சொல்லணும், அவன் முகவரி அதுலதான் இருக்கு.”

“மெயில் இதுலயா இருக்கு? உங்க ஹேன்ட்போன்லயே தொறக்கலாம். பாஸ்வேர்ட் தெரிஞ்சாப் போதும்லா.”

அதுதான் இல்லையே. தம்பி கோகிலன் வீட்டில் இருந்த காலத்தில் அப்பாவுக்கு ஒரு மெயில் திறந்து கொடுத்தான். பாஸ்வேர்டைக் கம்ப்யூட்டரே நினைவில் வைத்துக்கொள்ளும்படி செய்துவிட்டும் போனான். அன்று முதல் அப்பா அதை ஒருமுறைகூட அடித்ததில்லை. மனிதர் மறந்ததைப் பெட்டி நினைவில் வைத்திருந்தது. இப்போது இரண்டும் போய்விட்டன.

ஜெலுத்தோங் வீட்டுக்குத் திரும்பும் வழியில் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியபோது அவளுக்குக் கண் சொருகியது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேராக ஆஸ்பத்திரி, அங்கிருந்து மறுபடி வேலை. ஒரு வாரமாக அவள் படுக்கையில் முதுகைச் சாய்க்கவில்லை. கண்ணீர் வரவில்லை. அழுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அப்பா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். “கோகிலனுக்குச் சொல்லியாச்சா?”

“சொல்லிட்டேம்பா. மெயில் போட்டுட்டேன்.”

“என்னா எழுதுனான்?”

“வரேன்னு எழுதிருக்கான். நீங்க கொஞ்சம் தூங்குங்க.”

அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் கடையில் கிடந்தது. இரண்டு நாளில் வந்துவிடும், அனுப்பிவிட்டால் பொய் மெய்யாகிவிடும் என்று நினைத்துத்தான் சொன்னாள். அப்பா அதை நம்பிக்கொண்டு விடியற்காலையில் போய்விட்டார். கடைசிவரை வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தம்பி கதை ஊரறிந்த கதை. நிச்சயம் செய்து பத்திரிகையும் அடித்த பிறகு, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடல் தாண்டிப் பெர்த்துக்குப் போனவன் கோகிலன். “இனிமே இந்த வீட்டுக்கு நீ போன் பண்ணக் கூடாது” என்றார் அப்பா அய்யாக்கண்ணு. துறைமுக அலுவலகத்தில் இருந்த காலத்திலேயே, தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று பேர் எடுத்தவர். மகனோ அப்பனை உரித்து வைத்தவன். நம்பரையும் மாற்றிக்கொண்டு போனவன், ஏழு வருஷமாக ஒரு போன் பண்ணவில்லை. ஆனால் போன் பண்ணாதே என்று சொன்னவர் எழுதாதே என்று சொல்லவில்லையே! ஒரு தீபாவளிக்கு அப்பாதான் முதலில் எழுதினார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருப்பார். அம்மா காப்பியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைப்பாள். யாருக்கு எழுதுகிறார் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவர் சொல்லவும் இல்லை, இவர்கள் கேட்கவும் இல்லை. இந்த ஆண்பிள்ளைகளின் வீராப்பை எந்த உப்பில் ஊறப்போடுவது!

வாசல் கூடாரத்தில் சித்தப்பா ராமசாமி காத்திருந்தார். “கெடச்சுதாம்மா?”

“இல்ல சித்தப்பா.”

“பத்து லஞ்சாங் சுடுகாட்டுல நாலு மணிக்குச் சொல்லி வச்சிருக்கு. என்னா செய்யலாம்?”

“நாளைக்கு வச்சிக்கலாமா?”

“யாருக்காகம்மா? அவன் வரான்னு தெரிஞ்சா நானே ரெண்டு நாளு வச்சிருந்து எடுப்பேன். தகவலே போகலையே. பெர்த்துல எங்க இருக்கான்னே தெரியாதவனுக்காக அண்ணன எவ்வளவு நேரம் போட்டு வைக்கிறது?”

அவர் சொல்வதில் தப்பில்லை. அழுது வீங்கிய முகத்தோடு அந்த மனிதரும் விடியலிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறார். கொள்ளி வைக்கத் தன் மகன் கிஷனைத் தயார் செய்திருந்தார். அவன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு குழாயடியில் நடுங்கிக்கொண்டு நின்றான்.

ரூபினி அறைக்குள் போய்த் தன் ஹேன்ட்போனில் அப்பாவின் மெயில் முகவரியைப் போட்டாள். கட்டிலில் அம்மா ஜெயலெட்சுமி சுவரில் சாய்ந்திருந்தாள். அப்பாவின் பிறந்த தேதி? தவறு. கார் நம்பர்? தவறு. முருகன் பெயர்? அதுவும் தவறு.

“வாராவாரம் லாட்டரில நாலு நம்பரு எடுப்பாரே, அதப் போட்டுப் பாரேன்” என்றாள் அம்மா.

“அது என்னைக்கும்மா அடிச்சிருக்கு?”

போட்டாள். வழக்கம்போல அடிக்கவில்லை.

கடைசியாக, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்கிற இடத்தை அழுத்தினாள். இன்னொரு முகவரிக்கு ஆறு எண் அனுப்புகிறோம், அதை இங்கே போடுங்கள் என்று வந்தது. அந்த முகவரியின் முதல் எழுத்து ‘கே’. மீதி முழுக்கப் புள்ளிகள். மெயில் திறந்து கொடுத்தவன் தன் முகவரியைத்தான் துணைக்குக் கொடுத்திருக்கிறான். காலையிலிருந்து தேடிய முகவரி கண்ணெதிரே இருந்தும் அவளால் படிக்க முடியவில்லை. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அனுப்பு என்பதை அழுத்தினாள்.

“என்னாச்சும்மா?” சித்தப்பா வாசற்படியில் வந்து நின்றார்.

“தம்பிக்கு ஒரு நம்பர் போயிருக்கு.”

“அவனுக்குப் போயிருச்சா? அப்பறம் என்னா!”

“வெறும் நம்பர் மட்டும்தான் சித்தப்பா போவும். அப்பா செத்துட்டாருன்னு அதுல வராது.”

அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நேரம் போனது. கூடத்தில் தேவாரம் பாடி முடித்தார்கள். பெட்டி தூக்கும் ஆட்கள் வாசலில் எழுந்து நின்றார்கள். சித்தப்பா மறுபடி வந்தபோது ரூபினிக்குப் பேசக்கூட அலுப்பாக இருந்தது.

“சரி, எடுத்துருங்க சித்தப்பா” என்றாள்.

வாய்க்கரிசித் தாம்பாளம் வந்தது. அம்மா போட்டாள். அம்மாவைப் பிடித்துக் கொண்டுபோய்த் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். ரூபினி ஒரு பிடி அரிசியை அள்ளிக்கொண்டு குனிந்தபோது, அறையில் அப்பாவின் ஹேன்ட்போன் அடித்தது. காலையிலிருந்து அது ஓயவில்லை. துக்கம் விசாரிக்கிறவர்கள் எல்லாரும் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுகிறார்கள்.

“போய்ச் சொல்லிட்டு வாம்மா. சாவுக்கு வரணும்னு யாராச்சும் கேப்பாங்க” என்றாள் அம்மா.

அரிசியோடு கையை மூடிக்கொண்டு போய் இடது கையால் எடுத்தாள். அவள் வாய் திறப்பதற்குள் அங்கிருந்து அவசர அவசரமாகக் குரல் வந்தது.

“அப்பா, நாந்தாம்ப்பா. போன் பண்ணக் கூடாதுன்னு தெரியும். மெயில் பூட்டிக்கிச்சுன்னா நான் வேற எதுலப்பா சொல்றது? கம்ப்யூட்டர் மறுபடி ரோசாக்கா? ஒரு வாரமா பதில் இல்லைன்னதும் பயந்துட்டேன். இப்பதான் நம்பர் வந்துச்சு. சொல்லிட்டு ஒடனே வச்சிடறேன். எழுதிக்குங்க. நாலு… ஒம்போது…”

கோகிலன்தான். ஏழு வருஷத்தில் குரல் கொஞ்சம் தடித்திருந்தது. அவனைத் திட்ட எத்தனையோ சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“ரெண்டு… ரெண்டுப்பா, எழுதிட்டீங்களா? அவசரமில்ல, மெதுவா எழுதுங்க. அடுத்தது…”

“ரூபினி!” கூடத்திலிருந்து சித்தப்பா கூப்பிட்டார். “நேரமாவுதும்மா. பெட்டிய மூடலாமா?”

போனில் எண்கள் நின்றுபோயின.

அவனுக்குப் பின்னால் ஏதோ கார்கள் போகிற சத்தம்.

“அது சித்தப்பா குரலு” என்றான்.

“ம்.”

“அக்கா?”

“ம். நாந்தான்டா.” அதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், “கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுடா. அதான் ஒனக்குச் சொல்ல முடியல” என்றாள்.

அவன், யார் வீட்டுச் சாவுக்கோ விசாரிக்கிறவனைப்போலத் தாழ்ந்த குரலில் கேட்டான்.

“எத்தன மணிக்கு எடுக்குறீங்க?”

ரூபினி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

“நீ வந்தப்பறம்” என்றாள். “நீ வந்தப்பறம்தான் எடுப்போம். கெளம்பி வா.”

கூடத்துக்கு வந்து, கையிலிருந்த அரிசியைத் தாம்பாளத்திலேயே திரும்பப் போட்டாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

“தம்பி வரான் சித்தப்பா. நாளைக்கு.”

ராமசாமி கொஞ்ச நேரம் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாசலில் நின்ற ஆட்களை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். “டேய் கிஷன், போய் வேட்டிய மாத்துடா. சளி புடிச்சிக்கப் போவுது.”

அம்மா கையை ஊன்றி மெல்ல எழுந்து சமையலறைக்குப் போய், எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து, தலைமாட்டு விளக்கில் நிறைய ஊற்றினாள்.